கதையை எழுதாதீர்கள், ஊரை எழுதுங்கள்: சாகச ஆட்டம் நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டினால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "காசு வச்சா ஆடுறீங்க?" என்றுதான். இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்ப யாரு ஜெயிக்கிறது?" யாரும் இல்லை என்று சொன்னால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அது ரோல்பிளே, அதாவது பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். இதில் ஜெயிப்பதற்கு ஆள் தேவையில்லை. ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. டிஎம் ஓர் இடத்தைச் சொல்கிறார். "குகை வாசல். உள்ளே இருட்டு. கருகின கொழுப்பு வாடை வருது. என்ன செய்றீங்க?" ஆட்டம் என்பது அந்தக் கேள்விதான். வருகிற பதிலை வைத்து அடுத்து நடப்பதை டிஎம் சொல்வார். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்கிற இடத்தில் பகடை தீர்த்துவைக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். படைக்குப் பதில் ஆளுக்கு ஒரு வீரன், போர்க்களத்துக்குப் பதில் நிலவறை என்று ஆனது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

கணினி விளையாட்டில் கதவு பூட்டியிருந்தால் சாவியைத் தேட வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. கீலைக் கழற்றலாம். பக்கத்துச் சுவரை இடிக்கலாம். கதவைத் தட்டி, "கடன் வசூல் பண்ண வந்திருக்கோம், திறங்க" என்று குரல் கொடுத்தும் பார்க்கலாம். உருப்படியான யோசனை எதுவாக இருந்தாலும் அதற்குப் பலன் உண்டு என்பதால்தான் ஐந்து பேர் ஒரு மதியத்தை இதில் செலவழிக்கிறார்கள்.

புதிதாக டிஎம் ஆகிறவர் பெரும்பாலும் இந்த உரிமையைத்தான் முதலில் பறிக்கிறார், அதுவும் தெரியாமல். வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு கதை எழுதிவைத்திருப்பார். முதல் காட்சியில் சந்தையில் சண்டை, அடுத்து காட்டில் பதுங்கித் தாக்குதல், கடைசியில் குகைக்குள் தலைவனோடு மோதல். ஆட்டக்காரர்கள் என்ன சொன்னாலும் அந்த மூன்றும் அதே வரிசையில் நடந்தாக வேண்டும். தைப்பூச ரதத்தின் வடத்தை நாமெல்லாம் பிடிக்கிறோம், வியர்க்க விறுவிறுக்க இழுக்கிறோம்; ஆனால் எந்தத் தெருவில் திரும்பும், எங்கே நிற்கும் என்பதைக் கமிட்டி எப்போதோ முடிவு செய்துவிட்டது. ரதத்துக்கு அதுதான் முறை. இந்த மேசையில் அது நடந்தால் ஆட்டக்காரர்கள் வெறும் வடம் பிடிப்பவர்களாகிவிடுவார்கள். ஆடுகிறவர்கள் இதை ரெயில்ரோடிங் என்கிறார்கள். தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது.

ஒன்றை இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறைய பேருக்குக் குழப்பம். நேர்கோட்டுச் சாகசம் வேறு, தண்டவாளம் வேறு. "இன்னைக்கு கடத்தப்பட்ட பையனை மீட்கப் போறோம், சரியா?" என்று கேட்டு எல்லாரும் சரி என்றால் தப்பே இல்லை. ஒரு மதியத்துக்குள் முடிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அதுதான் வசதியும்கூட. ஆட்டக்காரர்கள் எடுத்த ஒரு முடிவு, டிஎம் எழுதிவைத்த கதைக்கு இடைஞ்சலாக இருப்பதால் மட்டும் பலிக்காமல் போகிறதே, அங்கேதான் தண்டவாளம் தொடங்குகிறது.

பழைய சாகசப் புத்தகங்களிலேயே இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 1981-இல் வந்த அடிப்படை விதிகள் பெட்டிக்குள் கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லாண்ட்ஸ்' இருந்தது. அதில் கதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எல்லையில் ஒரு கோட்டை, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் சரிவுகளில் பல குகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டங்களுக்குள் பகையும் உண்டு. புத்திசாலி ஆட்டக்காரர்கள் ஒன்றை இன்னொன்றோடு மோதவிடலாம். எந்தக் குகைக்கு முதலில் போவது, போவதா வேண்டாமா என்பதெல்லாம் மேசையில் முடிவாகும். 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசப் புத்தக வரிசை நேர் எதிர்ப் பக்கம். அது ஒரு பெரிய காவியத்தைச் சொல்ல வந்தது. பின்னால் வர வேண்டிய முக்கியப் பாத்திரம் இப்போதே செத்துவிட்டால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிஎம்முக்கே அறிவுரை சொன்னது. காவியம் நன்றாக இருந்தது, நாவல்களாகவும் அமோகமாக விற்றது. ஆனால் எதிரியைத் திட்டமிட்டு வீழ்த்திய ஆட்டக்காரருக்கு, அவன் மூன்று மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து நின்றால் எப்படி இருக்கும்? நான் முதல் வகைப் பக்கம்தான். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கமே சாயும்.

சரி, கதை எழுதவில்லை என்றால் பிறகு எதைத்தான் எழுதிவைப்பது? ஊரை எழுத வேண்டும். அங்கே யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், வீரர்கள் தலையிடாவிட்டால் அடுத்த சில நாட்களில் என்ன நடக்கும். இவ்வளவும் தெரிந்தால் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிஎம் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

என் மேசைக்கு ஐரோப்பியக் கோட்டை கொத்தளம் தேவைப்படவே இல்லை. பீடோங்கில் எங்கே நின்று பார்த்தாலும் 1,217 மீட்டர் ஜெராய் மலை தெரிகிறது. மேற்கே பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பிய கடாரத்தின் நிலம். மெர்போக் அருங்காட்சியகத்தில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்களைப் பார்க்கலாம், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய இடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மலை, கழிமுகத் துறைமுகம், இரும்பு உலை, காட்டுக்குள் இடிந்த கோயில். இதற்கு மேல் ஒரு டிஎம்முக்கு என்ன வேண்டும்? பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். மலைக்குக் கொஞ்சம் காப்ளின்களைக் குடியேற்றினால் ஆட்டத்துக்குத் தயார். காப்ளின் என்பது குட்டையான, கெட்டிக்காரத்தனமான, கூட்டமாக வாழ்கிற ஒரு குட்டிப் பூத இனம்.

நோட்டில் எழுதிவைத்தது ஏறக்குறைய இப்படி இருக்கும். இரும்பு வியாபாரியின் மகனைக் காப்ளின்கள் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பணம் வேண்டாம், உப்பு வேண்டும். ஆற்றில் வரி வசூலிக்கும் தலைவன் காப்ளின்களோடு கள்ளத்தனமாக உறவு வைத்திருக்கிறான், பையன் உயிரோடு திரும்பி வந்தால் அது வெளிவந்துவிடும் என்று பயப்படுகிறான். மலையடிவாரத்தில் மூலிகை பறிக்கும் பாட்டிக்குக் குகையின் பின்வழி தெரியும், ஆனால் வரித்தலைவன் மேல் அவளுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் ஐந்தாம் நாள் வரித்தலைவன் தன் ஆட்களை அனுப்பிப் பையனைக் கொன்றுவிடுவான். குகைக்கு ஒரு வரைபடம்: வாசலில் நான்கு காவலர்கள் இருக்கும் கூடம், அதிலிருந்து மேலே ஏறும் பாதை, உச்சியில் காப்ளின் தலைவனின் அறை, அந்த அறைக்கூரையில் மலைச்சரிவுக்குத் திறக்கும் ஒரு பிளவு. பையன் இருப்பது கீழே, பள்ளத்தில்.

யார் எப்போது யாரோடு சண்டை போடுவார்கள் என்று இதில் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மேசைக்கு வருவோம். டிஎம் குகை வாசலைச் சொல்லி முடித்ததும் வாள்வீரனாக ஆடும் தம்பி ஒருவன் கையைத் தூக்குகிறான். "அண்ணே, நாங்க உள்ளயே போகல. பச்ச இலை, செம்பன மட்டை எல்லாம் கொண்டுவந்து வாசல்ல போட்டு புகை மூட்டறோம். இருமிக்கிட்டே வெளிய வரட்டும், ஒவ்வொண்ணா பாத்துக்கறோம்."

குகைக்குள் ஆறு சண்டை எழுதிவைத்திருக்கும் டிஎம்முக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். உடனே வாயில் வருவது, "திடீர்னு மழை பிடிச்சிக்குது, தீ அணைஞ்சிடுச்சு." கெடாவில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும், உண்மைதான். ஆனால் டிஎம்முக்குத் தேவைப்படும் அந்த நிமிடத்தில் மட்டும் வந்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அடுத்த முறை அந்தத் தம்பி யோசனை சொல்ல மாட்டான். "சரி, உள்ள போறோம்" என்பான். அப்புறம் அந்த மேசையில் ஒருத்தரும் புதிதாக எதையும் முயலமாட்டார்கள்.

ஊரை எழுதிவைத்த டிஎம் நோட்டைப் பார்க்கிறார். புகை மேலே ஏறும். காவலர்கள் நான்கு பேரும் இருமிக்கொண்டு வாசலுக்கு வராமல் மேல்பாதையில் ஓடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பிளவு தெரியும். பிளவு குறுகல், ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஆக உச்சியில் நெரிசல். வாசலில் வாளோடு நிற்பவர்கள் முன்னால் யாருமே வரவில்லை. "என்ன அண்ணே, ஒருத்தனையும் காணோம்?" பதில் சொல்லாமல் டிஎம் கேட்கிறார்: "யாராச்சும் மலைப் பக்கம் பாக்குறீங்களா?" திருடியாக ஆடும் தங்கச்சி பார்க்கிறேன் என்கிறாள். மேலே, மரங்களுக்கு நடுவில் மெல்லிசாகப் புகை. ஒரு நொடி மேசையில் சத்தமில்லை, அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

விஷயம் அதோடு முடியாது. பள்ளத்தில் இருக்கும் பையன் தாழ்வான இடத்தில் இருப்பதால் புகை அவனை உடனே கொல்லாது, ஆனால் நேரம் ஆக ஆக அங்கேயும் இறங்கும். உள்ளே ஒரு பையன் இருக்கிறான் என்பதைத் தம்பி அப்போதுதான் நினைத்துப் பார்க்கிறான். ஆற்றங்கரையிலிருந்து வரித்தலைவனுக்கும் புகை தெரியும். ஐந்தாம் நாள் வர வேண்டியவன் இன்றைக்கே ஆள் அனுப்புவான். முன்னால் சொன்ன டிஎம் எழுதிவைத்த மாதிரி ஆறு சண்டையில் ஒன்றுகூட இங்கே நடக்கவில்லை, ஆனாலும் அன்றைய மதியத்துக்கு வேண்டியதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. இதில் எதையும் டிஎம் அந்த நிமிடத்தில் கற்பனை செய்யவில்லை. பிளவு வரைபடத்தில் இருந்தது, வரித்தலைவன் நோட்டில் இருந்தான்.

பழைய விதிகள் இந்த மாதிரி ஆட்டத்துக்கென்றே சில கருவிகளை வைத்திருந்தன. புதியவர்கள் பலர் தேவையில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்தான். அவற்றில் முதலாவது, எதிர்ப்பட்டவர் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்கும் பகடை. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டினால் 2 முதல் 12 வரை வரும். 1981 பெட்டியின்படி 2 வந்தால் உடனே பாய்ந்து தாக்கும். 3 முதல் 5 வரை விரோதம், தாக்கலாம். 6 முதல் 8 வரை குழப்பம், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். 9 முதல் 11 வரை தாக்காது, விலகிப்போகும் அல்லது பேரம் பேசும். 12 வந்தால் நட்பு. பகடை விழக்கூடிய 36 விதங்களில் 16 அந்தக் குழப்பத்தில்தான் போய் விழும். பார்த்ததும் பாய்வது ஒரே ஒரு விதத்தில். இப்படி ஆடும் மேசையில், பூதத்தைப் பார்த்தவுடன் வாளை உருவுவது பல வழிகளில் ஒரு வழிதான், அதுவும் அவ்வளவு நல்ல வழி இல்லை. வரித்தலைவனைப் பற்றிய செய்தி அந்தக் காப்ளின் வாயிலிருந்தே வரலாம். கொஞ்சம் உப்பு கொடுத்தால்.

அடுத்தது துணிவு எண். ஒவ்வொரு இனத்துக்கும் 2 முதல் 12 வரை ஓர் எண் இருக்கும். கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்ததும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். எண்ணுக்கு மேல் வந்தால் ஓடும் அல்லது சரணடையும். காப்ளினுக்கு எண் 7. தலைவன் கூட இருந்து உயிரோடும் இருந்தால் 9. இது தெரிந்த ஆட்டக்காரர்கள் தலைவனை எப்படிக் கூட்டத்திலிருந்து பிரிப்பது என்று யோசிப்பார்கள். கடைசி ஆள் வரை வெட்டிக்கொண்டு சாக வேண்டும் என்ற கட்டாயம் இரு பக்கமும் போய்விடுகிறது. ஓடிப்போன காப்ளின் நாளைக்கு யாரிடம் போய் என்ன சொல்லும் என்பது டிஎம்முக்குக் கிடைக்கும் அடுத்த சரக்கு.

மூன்றாவதாக ஒரு கணக்கு. பழைய விதியில் நிலவறையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த ஒரு தங்கக் காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. ஒரு காப்ளினைக் கொன்றால் 5 புள்ளி. வாள்வீரன் பலம் கூடி இரண்டாம் நிலைக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். கொன்றே ஏறுவதென்றால் தனியாளாக 400 காப்ளினைத் தீர்க்க வேண்டும், அதற்குள் அவன் நான்கு தடவையாவது செத்திருப்பான். ஆகவே சண்டையைத் தவிர்த்துவிட்டுச் செல்வத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்றுதான் புத்தி போகும். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று விதி சொல்வதில்லை.

நேரத்தையும் எண்ணுங்கள். நிலவறையில் ஒரு சுற்று என்பது பாத்திரங்களின் கணக்கில் 10 நிமிடம், தீப்பந்தம் 6 சுற்று எரியும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒரு பகடை. 1 விழுந்தால் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் உலாவிக்கொண்டு வருகிறது. ஆட்டக்காரர்களை அவசரப்படுத்த டிஎம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பந்தம் அணைவதே போதும்.

பகடை விழுந்தபடி ஏற்றுக்கொள்ளுங்கள். மறைத்து உருட்டிவிட்டு, வந்த எண் பிடிக்கவில்லை என்று மாற்றிச் சொல்லுவதும் தண்டவாளத்தில் ஒரு வகைதான், கொஞ்சம் மெத்தை போட்ட பெட்டி. ஓர் எண் விழுந்தால் தாங்க முடியாது என்று நினைத்தால் அந்த இடத்தில் பகடையையே எடுக்காதீர்கள்.

இனி, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் ஓர் இடம். இரண்டு பாதை காட்டி, எந்தப் பாதையில் போனாலும் அதே பூதம் எதிரே வரும்படி வைத்துக்கொள்ளும் தந்திரம். ஆட்டக்காரர்களுக்குத் தெரியாதவரை என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் இரண்டு எண்ணம். இடதா வலதா என்பதற்கு எந்தத் துப்பும் இல்லாதபோது அது முதலிலேயே தேர்வு இல்லை, நாணயம் சுண்டுவது. அங்கே பூதம் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் பாட்டியிடம் உட்கார்ந்து பேசி, கிழக்குப் பாதையில் பூதத்தின் காலடி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்காகவே மேற்கே போனால்? அங்கேயும் அதே பூதம் நின்றால் அது ஏமாற்று. ஆட்டக்காரர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதற்கு மதிப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே தகவலைப் பதுக்காதீர்கள். இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-இல் எழுதிய மூன்று துப்பு விதி இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்த நல்ல உபாயங்களில் ஒன்று: ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது உதவும். வரித்தலைவனின் கள்ள உறவுக்குக் காப்ளின் குகையில் அவன் முத்திரை போட்ட உப்பு மூட்டை ஒன்று, பாட்டியின் புலம்பல் ஒன்று, படகோட்டி இரவில் பார்த்தது ஒன்று. ஒரே துப்பை வைத்து அதை அவர்கள் தவறவிட்டால்தான் டிஎம் பதறிப்போய்த் தண்டவாளம் போடத் தொடங்குகிறார்.

வரைபடத்துக்கும் இதே நியாயம். ஒரே வாசல், வரிசையாக ஐந்து அறை என்று வரைந்துவிட்டு அப்புறம் சுதந்திரம் கொடுக்க முடியாது. இரண்டு வாசல், சுற்றி வந்து சேரும் ஒரு பாதை, மேலே ஏறவும் கீழே இறங்கவும் இரண்டு இடம் இருந்தால் போதும். ஜெனல் ஜாக்வேஸ் எழுதி 1979-இல் வந்த 'த கேவர்ன்ஸ் ஆஃப் திரேஸியா' என்ற சாகசப் புத்தகம் இப்படி வரைவதற்கு இன்றும் பாடப்புத்தகம் மாதிரி.

எதிர்ப்பக்கத்துச் சிக்கலையும் சொல்ல வேண்டும். "எங்க வேணும்னாலும் போங்க, என்ன வேணும்னாலும் செய்ங்க" என்று விட்டுவிட்டால் புது ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தே தாரேயைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். அது சுதந்திரம் இல்லை, திக்குத் தெரியாத நிலை. ஆரம்பத்தில் கண்ணுக்கெதிரே இரண்டு மூன்று காரியம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன ஆபத்து என்று ஓரளவு தெரிய வேண்டும். வியாபாரி அழுதுகொண்டு வந்து பரிசு தருகிறேன் என்கிறான். துறைமுகத்தில் இடிந்த கோயிலைப் பற்றி ஒரு வதந்தி. வரித்தலைவன் வேலைக்கு ஆள் எடுக்கிறான். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு கெட்டவனுக்கே வேலை செய்யப் போகும் மேசைகளும் உண்டு. போகட்டும். பையனுக்கு ஐந்து நாள் இருக்கிறது, அவர்களுக்கு விஷயம் தெரியவரும்போது யார் பக்கம் நிற்பார்கள் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும்.

தயாரித்தது வீணாகிறதே என்று கவலைப்படாதீர்கள். போகாத குகை அங்கேயேதான் இருக்கும். அதற்காக எல்லாத் திசைக்கும் எழுதிவைக்கத் தேவையும் இல்லை. அன்றைய ஆட்டம் முடிந்து பகடையைப் பையில் போடுவதற்கு முன், எழுந்து போகிறவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த தடவை எங்க போகப் போறீங்க?" அவர்களுக்குள் பேசி ஒரு இடத்தைச் சொல்வார்கள். அந்த இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் எழுதுங்கள்.